சாஃப்ட்வேர் வேலையை வெளியே கொடுப்பதா, ஆள் வைத்துச் செய்வதா? கொட்டேஷன் கேட்பதற்கு முன்பிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

கொட்டேஷன் வாங்கிய பிறகு யோசிக்கத் தொடங்குவதுதான் இந்த விஷயத்தில் பெரும்பாலானோர் சறுக்கும் இடம். மூன்று ஏஜென்சியிடம் விலை கேட்பார்கள். ஒன்று 4 லட்சம், ஒன்று 11 லட்சம், ஒன்று 26 லட்சம் என்று வந்து நிற்கும். மூன்று பேரும் மூன்று வேறு பொருளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள் என்பது தெரியாமல் நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் 'இந்தக் காசுக்கு நாமே இரண்டு பையன்களை வேலைக்கு வைத்துவிடலாமே' என்று மறுபக்கம் சாய்வார்கள். இரண்டுமே வரிசை தப்பிய முடிவுகள்.

நான் ஏஜென்சி பக்கமும் வேலை பார்த்திருக்கிறேன், கம்பெனிக்குள் டீம் கட்டும் பக்கமும் இருந்திருக்கிறேன். புதிதாக இறங்குகிறவர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்பதைப் பார்த்து இந்த வரிசையை எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரே ஒரு நிறுவனத்தை வைத்துக்கொள்வோம்: கோவையில் பம்ப்செட் செய்யும் நடுத்தரக் கம்பெனி, பல மாவட்டங்களில் டீலர்கள், கணக்கு டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில், ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில். டீலர்களே ஆர்டர் போட ஒரு ஆப் வேண்டும் என்கிறார் முதலாளி. உங்கள் தொழில் வேறாக இருக்கலாம், வரிசை பெரிதாக மாறாது.

1. முதலில் உள்ளே ஒரு ஆளை நிறுத்துங்கள்

வெளியே கொடுத்தாலும் சரி, ஆள் வைத்தாலும் சரி, உங்கள் பக்கம் பதில் சொல்ல ஒருவர் வேண்டும். கடன் வரம்பு தாண்டிய டீலர் ஆர்டர் போட்டால் நிறுத்திவிடலாமா, எச்சரித்துவிட்டு ஏற்றுக்கொள்ளலாமா? இந்த மாதிரிக் கேள்விகள் தினமும் வரும். பதில் அன்றே கிடைக்காவிட்டால் டெவலப்பர் காத்துக்கொண்டிருக்க மாட்டார், தனக்குச் சரி என்று பட்டதை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அது சில மாதம் கழித்து ஏதோ ஒரு டீலரோடு வரும் சண்டையில்தான் வெளியே தெரியும்.

அந்த ஆள் யார்? கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்பது தகுதியே இல்லை. இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்திருக்கும் முதலாளி மகனிடம் இந்தப் பொறுப்பு போய்ச் சேருவதை அடிக்கடி பார்க்கலாம் (பையன் கெட்டிக்காரனாகவே இருக்கட்டும், ஈரோட்டு டீலருக்கு மட்டும் ஏன் தனி விலை என்பது அவனுக்குத் தெரியாது). டிஸ்பாட்ச் அல்லது விற்பனைப் பிரிவில் பல வருடம் இருந்தவர், 'வேண்டாம், அப்படிச் செய்யக் கூடாது' என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர், அவர்தான் சரியான ஆள். தினம் இரண்டு மணி நேரமாவது இதற்கு ஒதுங்கும்படி அவருடைய பழைய வேலையில் ஒரு பகுதியை வேறு யாருக்காவது மாற்றிவிடுங்கள். இருக்கிற வேலையோடு இதையும் பார்த்துக்கொள் என்று சொன்னால் அவர் எதையும் பார்க்க மாட்டார்.

அப்படி ஒருவரை ஒதுக்க முடியாவிட்டால் இந்தப் படியிலேயே நில்லுங்கள். அடுத்த படிக்குப் போனால் காசுதான் போகும்.

2. கடையில் கிடைப்பதைக் கட்டாதீர்கள்

பில்லிங், சம்பளக் கணக்கு, வருகைப் பதிவு, கஸ்டமர் புகார் டிக்கெட் இதெல்லாம் மாதச் சந்தாவுக்கே கிடைக்கிறது. தென்காசிப் பக்கத்தில் உட்கார்ந்து ஜோஹோ எழுதி வைத்திருப்பதை நீங்கள் திரும்ப எழுத வேண்டியதில்லை. ரெடிமேடாகக் கிடைப்பதில் நூற்றுக்கு எண்பது பங்கு சரியாக வந்தால், மீதி இருபதுக்காக உங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாத பகுதிதான் கட்ட வேண்டிய பகுதி. பம்ப் கம்பெனிக்கு அது டீலர் ஸ்கீம் (டீலர்களுக்கான சலுகைத் திட்டம்), கடன் வரம்பு, வாரண்டி மாற்று, இந்த மூன்றும்தான். ஆப்பில் வரும் மீதி எல்லாம் யாரிடமும் கிடைக்கும்.

3. கட்ட வேண்டியதைத் துண்டு போடுங்கள்

முழுதாக வெளியே, முழுதாக உள்ளே என்று இரண்டு வழிதான் இருக்கிறது என்று நினைப்பதால்தான் முடிவு எடுக்க முடியாமல் திணறுகிறார்கள். ஒவ்வொரு துண்டையும் தனியாக எடுத்து இரண்டே கேள்வி கேளுங்கள். இது எவ்வளவு அடிக்கடி மாறும்? இதைச் சரியாகச் செய்யத் தேவையான விவரம் யார் தலையில் இருக்கிறது?

ஓடிபி போட்டு உள்ளே வருவது, பணம் கட்டுவது, லாரி எங்கே இருக்கிறது என்று காட்டுவது, இவை ஒருமுறை எழுதினால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். இதைப் பலமுறை எழுதிப் பழகிய ஏஜென்சி உங்களைவிட வேகமாக முடிக்கும். டீலர் ஸ்கீம் அப்படி இல்லை. ஆடிக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, மார்ச் கடைசியில் இருப்பைக் காலி செய்ய ஒன்று என மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் வெளியாளுக்கு மெயில் போட்டு, அவர் எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குச் சொல்லி, நீங்கள் ஒப்புக்கொண்டு, அவர் வரிசையில் உங்கள் முறை வருவதற்குள் ஸ்கீமே முடிந்துவிடும்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியதை நினைத்துப் பாருங்கள். அறிவிப்பு 3-ஆம் தேதி வந்தது, இடையில் மூன்று வாரம்கூட இல்லை. வரி விகிதத்தை ஆப்பின் புரோகிராம் கோடுக்குள் நேராக எழுதி வைத்திருந்தவர்களுக்கும், ஒரு பட்டியலில் வைத்து ஆபீஸிலிருந்தே மாற்றும்படி கேட்டு வாங்கியிருந்தவர்களுக்கும் அந்த மூன்று வாரம் ஒரே மாதிரி இருந்திருக்காது. ஆக அடிக்கடி மாறும் பகுதிக்கு இரண்டு வழி: அதை மாற்ற உள்ளே ஆள் வையுங்கள், இல்லையென்றால் ஆளே தேவைப்படாமல் திரையிலேயே மாற்றும்படி கட்டச் சொல்லுங்கள். இரண்டாவது வழிக்கு முதலில் கொஞ்சம் செலவு கூடும், நான் பெரும்பாலும் அதைத்தான் சொல்வேன்.

4. கேட்பதை எழுதுங்கள், பழைய பில்களை வைத்து

தேவைப் பட்டியல் என்று சொன்னதும் 'டீலர் ஆர்டர் போட வேண்டும், ரிப்போர்ட் வர வேண்டும், டாலியோடு இணைய வேண்டும்' என்று அரைப் பக்கம் எழுதுவார்கள். கொட்டேஷன் 4 லட்சத்துக்கும் 26 லட்சத்துக்கும் நடுவே ஆடுவதற்குக் காரணம் இந்த அரைப் பக்கம்தான்.

இதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். போன வருடத்துப் பில்களில் சிக்கலானவற்றைப் பொறுக்குங்கள். சுலபமான பில் எதையும் எடுக்காதீர்கள். பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்ற ஸ்கீமில் எட்டு மட்டும் வாங்கி, மீதி இரண்டை அடுத்த வாரம் எடுத்தவர். இலவசமாகப் போன பம்ப் பழுதாகித் திரும்பி வந்தது. ஒரே டீலர், இரண்டு ஜிஎஸ்டி எண். ஒவ்வொரு பில்லுக்கும் என்ன வந்தது, என்ன கணக்குப் போட்டோம், ஏன் அப்படிப் போட்டோம் என்று நாலு வரி. பிறகு ஆப் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கவும் இதே பில்கள்தான் உதவப் போகின்றன, எனவே இந்த உழைப்பு வீணாகாது.

ஒரு துண்டை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். 'ஆர்டரை ரத்து செய்யலாம்' என்று ஒரு வரி எழுதுகிறீர்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனம் என்றால் இ-இன்வாய்ஸ், அதாவது அரசுத் தளத்தில் பதிவு செய்யும் பில், கட்டாயம். அதைப் பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும், அதற்கப்புறம் கிரெடிட் நோட்தான் (பில் தொகையைக் கழித்துக் கொடுக்கும் சீட்டு). ஆக ரத்து என்பது ஒரே பட்டன் இல்லை. பில் போடுவதற்கு முன், பில் போட்ட ஒரு நாளுக்குள், அதற்குப் பின் என்று மூன்று வேறு வேலை. இது எழுத்தில் இல்லாவிட்டால் ஏஜென்சி முதல் வகையை மட்டும் செய்து கொடுக்கும், மற்ற இரண்டுக்கும் தனிக் காசு கேட்கும். அவர்கள் கேட்பது நியாயமும்கூட.

டாலி இணைப்பும் அப்படித்தான், கொட்டேஷனில் ஒற்றை வரியாக வரும். டாலியோடு வெளி சாஃப்ட்வேர் பேசுவது, டாலி ஓடும் அந்தக் கம்ப்யூட்டரின் 9000 என்ற போர்ட் (தகவல் நுழையும் வாசல்) வழியாக எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தில் தகவல் அனுப்பித்தான், வழக்கமான அமைப்பு இதுதான். உங்கள் கணக்காளர் சாயங்காலம் ஆறரைக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். டீலரோ கடையைச் சாத்திவிட்டு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து ஆர்டர் போடுவார். அந்த ஆர்டர் காலை வரை எங்கே காத்திருக்கும், காலையில் இருப்பு இல்லையென்றால் யார் டீலருக்குச் சொல்வார்கள்? டெவலப்பருக்கு இது தோன்றாது, முதல் படியில் நிறுத்திய ஆளுக்கு உடனே தோன்றும்.

இந்தப் பிரச்சினை சின்னக் கம்பெனிகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனம் 2019-இல் அக்சென்சர் மீது வழக்குப் போட்டது. தங்கள் இணையதளம் சிறிய, நடுத்தர, பெரிய திரை மூன்றுக்கும் பொருந்த வேண்டும் என்று கேட்டதாகவும், நடுத்தரத் திரையை, அதாவது டேப்லெட்டை, விட்டுவிட்டு அதற்குக் கூடுதல் பணம் கேட்டதாகவும் ஹெர்ட்ஸின் மனுவில் ஒரு குற்றச்சாட்டு. கொடுத்த கட்டணமே 3.2 கோடி டாலருக்கு மேல் என்றது மனு.

5. மூன்று வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள்

முதல் வருடச் செலவை மட்டும் பார்த்தால் எப்போதும் ஏதோ ஒரு பக்கம் பொய்யாக மலிவாகத் தெரியும். இங்கே நான் எழுதும் தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள்.

வெளியே: கட்டுவதற்கு 12 லட்சம். இரண்டாம் வருடத்திலிருந்து பராமரிப்பு வருடத்துக்கு 18 சதவீதம், இரண்டு வருடத்துக்கு 4.32 லட்சம். ஆகமொத்தம் 16.32 லட்சம். இதற்கு மேல் நீங்கள் கேட்கும் மாற்றங்களுக்கு மணிக்கு 1,200 ரூபாய்.

உள்ளே: அனுபவசாலி ஒருவர் மாதம் 90,000, இளையவர் ஒருவர் 40,000. வருடம் 15.6 லட்சம். பிஎஃப், போனஸ், லேப்டாப், ஆள் தேடும் செலவு எல்லாம் சேர்த்து இன்னொரு 20 சதவீதம் போட்டால் 18.72 லட்சம், மூன்று வருடத்துக்கு 56.16 லட்சம்.

இரண்டுக்கும் வித்தியாசம் 39.84 லட்சம். மணிக்கு 1,200 வீதம் அது 3,320 மணி நேர மாற்ற வேலை, கடைசி இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் ஏறக்குறைய 138 மணி. மாதா மாதம் அந்த அளவுக்கு மாற்றம் கேட்கும் கம்பெனிக்குத்தான் சொந்த டீம் காசு ரீதியாகக் கட்டும். பம்ப் கம்பெனி அவ்வளவு கேட்குமா? முதல் வருடம் கேட்கலாம், அதன் பிறகு எனக்குச் சந்தேகம்தான்.

இதில் பலரும் விடும் ஒரு விஷயம் ஜிஎஸ்டி. ஏஜென்சி பில்லில் 18 சதவீதம் வரும், சம்பளத்துக்கு வராது. பம்ப் விற்கும் கம்பெனிக்கு அந்த 18 இன்புட் கிரெடிட்டாகத் திரும்பிவிடும், அதனால் கணக்கில் சேர்க்க வேண்டாம். மருத்துவமனை, பள்ளிக்கூடம் போல வருமானத்துக்குப் பெரும்பாலும் வரிவிலக்கு உள்ள இடங்களுக்கு அது திரும்பாது, நேரே செலவு. அவர்களுக்கு மேலே சொன்ன 138 மணி 109-க்கு இறங்கிவிடும். டிடிஎஸ் எத்தனை சதவீதம் பிடிக்க வேண்டும் என்பதையும் ஆடிட்டரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், முதல் பில்லிலேயே அதற்காக மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

6. சாவிகள் உங்கள் பெயரில் இருக்கட்டும்

யாருக்கு வேலை கொடுப்பது என்று முடிவாகும் முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். சில பதிவுகளுக்கு நாள் பிடிக்கும், ஒப்பந்தம் போட்ட பிறகு ஆரம்பித்தால் 'இப்போதைக்கு எங்கள் கணக்கில் போட்டுவிடுகிறோம் சார், அப்புறம் மாற்றிக்கலாம்' என்பார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்த அப்புறம் சுலபத்தில் வராது.

டொமைன் பெயர் (இணைய முகவரி), கிளவுட் கணக்கு (ஆப் ஓடும் வாடகை சர்வர்), கோடு வைக்கும் கிட்ஹப் கணக்கு மூன்றும் கம்பெனி மெயிலில் திறந்து, கம்பெனி கார்டில் பணம் கட்டி, ஏஜென்சிக்கு உள்ளே வர அனுமதி மட்டும் கொடுங்கள். தனிநபர் ஜிமெயில் வேண்டாம், அந்த நபர் வேலையை விட்டால் அதுவும் அவரோடு போய்விடும்.

ஆப் ஸ்டோர் கணக்குகள்: கூகுள் பிளேக்கு ஒருமுறை 25 டாலர், ஆப்பிளுக்கு வருடத்துக்கு 99 டாலர். நிறுவனத்தின் பெயரில் திறக்க இரண்டுக்குமே டன்ஸ் எண் என்ற நிறுவன அடையாள எண் கேட்பார்கள், அது கைக்கு வரக் காத்திருக்க வேண்டும். அவசரத்தில் கூகுளில் தனிநபர் கணக்காகத் திறந்தால் இன்னொரு வில்லங்கம்: 2023 நவம்பர் மத்திக்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்குகளில், 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதனை ஓட்டம் நடத்திய பிறகே ஆப்பை எல்லாருக்கும் வெளியிட விண்ணப்பிக்க முடியும்.

எஸ்எம்எஸ் ஓடிபிக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, டிஎல்டி என்ற எஸ்எம்எஸ் அனுப்புவோர் பதிவு வேண்டும். அனுப்புநர் பெயர், செய்தியின் வாசகம் இரண்டுக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும், வாசகம் பொருந்தாவிட்டால் எஸ்எம்எஸ் போய்ச் சேராது. இதை ஏஜென்சி தன் பெயரிலோ தன் வேறொரு கிளையன்ட் பெயரிலோ ஓட்டிக்கொண்டிருந்து, உறவு முறிந்த நாளில் ஒரு டீலராலும் ஆப்புக்குள் நுழைய முடியாமல் போன கதைகள் உண்டு. பேமென்ட் கேட்வே, வாட்ஸ்அப் பிசினஸ் எண் இரண்டுக்கும் இதே எச்சரிக்கை.

7. வெளியே கொடுப்பதென்றால், ஆளைப் பார்த்துக் கொடுங்கள்

ஏஜென்சியில் உங்களோடு பேசுகிறவர் விற்பனை ஆள். கோடு எழுதப் போகிறவர் யார், அவர் அங்கே சம்பளத்தில் இருக்கிறாரா, வெளியிலிருந்து பிடித்து வரும் ஃப்ரீலான்சரா என்று கேட்டு அவரோடு ஒரு மணி நேரம் பேசுங்கள். நான்காம் படியில் எழுதிய பில் ஒன்றைக் கொடுத்து, இதில் என்ன சிக்கல் தெரிகிறது என்று கேளுங்கள். திருப்பிக் கேள்வி கேட்கிறவர் தேறுவார். 'பண்ணிடலாம் சார்' என்று மட்டும் சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பழைய கிளையன்ட் இரண்டு பேர் எண்ணை வாங்கும்போது, அந்த ஏஜென்சியை விட்டு விலகிப் போன கிளையன்ட் ஒருவரின் எண்ணையும் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

பிறகு ஒரு சின்னத் துண்டை, உதாரணத்துக்கு விலைப்பட்டியல் காட்டும் திரையை மட்டும், காசு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். இலவசமாகச் செய்து காட்டச் சொன்னால் அவர்களின் சிறந்த ஆள் அதில் உட்கார மாட்டார், நீங்கள் பார்ப்பது வேறு யாருடையதோ வேலையாக இருக்கும்.

8. ஒப்பந்தத்தில் எதை விடக் கூடாது

காசு கொடுத்துவிட்டோம், கோடு நமதுதானே என்று நினைக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் (காப்பிரைட் சட்டம்) சாஃப்ட்வேரையும் இலக்கியப் படைப்பு என்ற பிரிவில்தான் வைத்திருக்கிறது. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் தன் வேலையின் பகுதியாக எழுதினால், மாறாக ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை முதலாளிக்கு. வெளியாள் எழுதினால் எழுதியவருக்கே, அதை எழுத்து மூலம், கையெழுத்தோடு உங்களுக்கு மாற்றித் தந்தால்தான் உங்களுடையது.

மாற்றித் தரும் பத்திரத்திலும் சூட்சுமம் இருக்கிறது. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். மாற்றி வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, அந்த உரிமை கைவிட்டுப் போகலாம். ஆக 'காப்புரிமையின் முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும், பயன்படுத்தாவிட்டாலும் செல்லும்' என்ற பொருளில் மூன்று வாசகம் வேண்டும். ஏஜென்சி ஃப்ரீலான்சரை வைத்து எழுதினால் அவரிடமிருந்து ஏஜென்சி முறையாக எழுதி வாங்கியிருக்க வேண்டும், இல்லாததை அவர்களால் உங்களுக்குத் தர முடியாது. ஒரு வக்கீலிடம் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள், இந்த இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பணத்தைத் தேதிப்படி கொடுக்காதீர்கள், ஓடும் துண்டுப்படி கொடுங்கள். 'வடிவமைப்பு முடிந்தது, 30 சதவீதம்' என்பது எதையும் நிரூபிக்காது. 'நான்காம் படியில் பொறுக்கிய பில்கள் எல்லாம் சோதனை சர்வரில் சரியாக வருகின்றன, 30 சதவீதம்' என்றால் பேச்சே இல்லை. கடைசித் தவணையாக ஒரு கணிசமான பங்கை, நிஜ டீலர்கள் ஒரு மாதம் பயன்படுத்திய பிறகு கொடுப்பதாக வையுங்கள்.

டீலர்களின், வாடிக்கையாளர்களின் பெயர், போன் எண் எல்லாம் ஏஜென்சியின் கைக்குப் போகிறது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பொறுப்பு உங்களுக்குத்தான், தரவைக் கையாண்டது ஏஜென்சி என்று கைகாட்டித் தப்ப முடியாது, பாதுகாப்பில் கோட்டை விட்டதற்கான அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கடமைகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. எனவே தரவை எங்கே வைக்கலாம், வேலை முடிந்ததும் எப்போது அழிக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சோதனைக்கு நிஜ போன் எண்களைக் கொடுக்காதீர்கள்.

9. ஆள் வைப்பதென்றால்

செய்யும் பெரிய தவறு, மலிவு என்று கல்லூரி முடித்த இரண்டு பேரை முதலில் எடுப்பது. அவர்கள் எழுதியது சரியா என்று பார்க்க உங்கள் கம்பெனியில் யாரும் இல்லை. முதலில் ஒரு அனுபவசாலி, அவரே பார்த்துத் தேர்ந்தெடுக்கும் இளையவர் அடுத்து. தேர்வுக்கு உங்களுக்குத் தெரிந்த வேறு கம்பெனியின் டெவலப்பர் ஒருவரை ஒரு நாள் கூலி கொடுத்து உட்கார வையுங்கள், ஏனென்றால் நீங்கள் கேட்கும் கேள்விகளில் பேச்சுத் திறமைதான் தெரியும்.

ஒரே ஆளோடு நிறுத்தாதீர்கள். அவருக்குக் கல்யாணம், காய்ச்சல், பெங்களூரில் வேறு வேலை, எதுவும் வரலாம்.

ஐடி வேலையில் நோட்டீஸ் பீரியட் இரண்டு மூன்று மாதம் என்பது சகஜம். இன்று ஓகே சொன்னவர் மூன்று மாதம் கழித்துத்தான் வருவார், அதற்குள் உங்கள் ஆஃபரைக் காட்டி வேறிடத்தில் கூடுதல் சம்பளம் கேட்டு வாங்கி அங்கேயே போய்விடவும் செய்வார். திட்டத்தின் தொடக்கத் தேதியை ஆள் சேர்ந்த நாளிலிருந்து எண்ணுங்கள், ஆஃபர் லெட்டர் கொடுத்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். விலகிய பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்று எழுதி வாங்குவதிலும் பலனில்லை, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின் கீழ் அது செல்லாது. ரகசியம் காக்க வேண்டும் என்று எழுதி வாங்கலாம், அது வேறு.

இன்னொன்று, வேலை இல்லாத டெவலப்பர். ஆப் ஓடத் தொடங்கிய பிறகு அவரைப் பிரிண்டர் பழுதுக்கும் சிசிடிவிக்கும் அனுப்பத் தொடங்குவார்கள், ஆறு மாதத்தில் ஆள் கிளம்பிவிடுவார். ஐந்தாம் படியின் மணிக்கணக்கை இங்கே இன்னொரு முறை பாருங்கள்.

என் கணிப்பில் பம்ப் கம்பெனிக்குப் பொருந்துவது இது: முதல் பதிப்பை ஏஜென்சி கட்டட்டும். பாதி வேலை நடக்கும்போது அனுபவசாலி ஒருவரை உள்ளே எடுங்கள். ஏஜென்சியின் கோடை அவர் படித்துக்கொண்டே வரட்டும், ஸ்கீம் கணக்குப் பகுதியை அவர் கைக்கு மாற்றுங்கள், மற்றதற்கு ஏஜென்சியின் பராமரிப்பு தொடரட்டும். ஒரே ஆள் என்ற குறை இங்கே கொஞ்சம் தணிகிறது, அவர் இல்லாத நாளில் ஏஜென்சி இருக்கும், ஏஜென்சி கைவிட்டால் அவர் இருப்பார். முடிந்த பிறகு எடுத்தால் அவர் வந்ததும் 'இதை முழுக்கத் திரும்ப எழுத வேண்டும்' என்பார், எல்லா டெவலப்பரும் மற்றவர் கோடைப் பார்த்துச் சொல்லும் முதல் வாக்கியம் அது.

10. வேலை நடக்கும்போது வாரம் ஒரு தடவை கண்ணால் பாருங்கள்

எண்பது சதவீதம் முடிந்தது என்ற வார்த்தையை நம்பாதீர்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், சோதனை சர்வரில் உங்கள் ஆள் தன் போனில் தானே தட்டிப் பார்க்க வேண்டும். ஏஜென்சி தன் லேப்டாப்பில் ஓட்டிக் காட்டும் டெமோ கணக்கில் வராது, அதில் ஓட வேண்டியது மட்டும் ஓடும்.

அதே நாளில் உங்கள் கிட்ஹப் கணக்கில் அந்த வாரத்துக் கோடு வந்திருக்கிறதா என்று பாருங்கள். படிக்கத் தெரிய வேண்டியதில்லை, தேதி தெரிந்தால் போதும். இரண்டு வாரம் எதுவும் வரவில்லையென்றால் உங்கள் ஆளை வேறு திட்டத்துக்கு இழுத்துவிட்டார்கள் என்று பெரும்பாலும் அர்த்தம். உள்ளே வைத்த டீமுக்கும் இதே விதிதான், சொந்த ஆள் என்பதற்காக விட வேண்டாம்.

நடுவில் புதிதாகத் தோன்றுவதையெல்லாம் போனில் சொல்லாதீர்கள். ஒரே தாளில் எழுதி, வாரக் கூட்டத்தில் மட்டும் பேசுங்கள். பாதி விஷயங்கள் அந்த வாரத்துக்குள்ளேயே தேவையில்லை என்று தெரிந்துவிடும்.

11. கை மாறுவதை முன்பே ஒத்திகை பாருங்கள்

கடைசித் தவணை உங்கள் கையில் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும், கொடுத்த பிறகு யாரும் வர மாட்டார்கள். இந்த வேலையைத் தொடாத ஒரு டெவலப்பரிடம் ஒரு காலியான சர்வரையும், கிட்ஹப்பில் உள்ள கோடையும், எழுதிக் கொடுத்த குறிப்புகளையும் மட்டும் கொடுங்கள். ஏஜென்சிக்குப் போன் போடாமல் அவரால் ஆப்பை முழுக்க எழுப்ப முடிகிறதா? எங்கே நிற்கிறாரோ அங்கே குறிப்பில் ஓட்டை. அதை நிரப்பச் சொல்லிவிட்டு, இன்னொரு முறை.

பேக்கப்பும் அப்படித்தான். பேக்கப் எடுக்கிறோம் என்பது போதாது, நேற்றைய பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸைத் திரும்ப ஏற்றி, ஒரு டீலரின் நிலுவையை டாலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டும் சரியாக வந்த பிறகு கிளவுட், கிட்ஹப், டேட்டாபேஸ், ஆப் ஸ்டோர், எஸ்எம்எஸ், பேமென்ட் கேட்வே ஆகிய எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் மாற்றி, பராமரிப்புக்குத் தொடர்கிறவர்களுக்கு மட்டும் பெயர் பெயராகத் திரும்ப அனுமதி கொடுங்கள். கோடுக்குள் எழுதி வைத்த பழைய சாவிகள் இருந்தால் மாற்றிய அன்றைக்கே ஏதாவது ஒன்று நின்றுபோகும். அதனால் இதை ஆர்டர் வராத ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளுங்கள், ஏஜென்சி ஆள் ஒருவர் அன்று மதியம் வரை போனில் கிடைக்கும்படி ஏற்பாட்டோடு. அது சரியாக முடிந்தால் திங்கட்கிழமை கடைசித் தவணையை அனுப்பலாம்.